இடது டிராக்கை முதலில் காலி செய்யுங்கள்

கார்க்காரர்கள் சொல்வது சரிதான். நாலுவழிச் சாலையில் லாரி ஓட வேண்டிய இடம் இடது டிராக். வலது டிராக் முந்துவதற்கு. முந்தி முடித்ததும் இடது பக்கம் வந்துவிட வேண்டும். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் இடதுபக்கம் போ, வலதுபக்கம் முந்து என்றுதான் சொல்கின்றன. அதற்கு முன்பிருந்த 1989-ம் வருஷத்து விதிகளும் அதையேதான் சொல்லின.

இதை எழுதுகிறவன் லாரிக்காரன். நாமக்கல் பக்கம் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியும் ஒரு ஆறு சக்கர வண்டியும் வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு பல வருஷம் அடுத்தவர் வண்டியில் ஸ்டியரிங் பிடித்தவன். கோழித் தீவனம், சிமென்ட், ஆந்திராவிலிருந்து வரும் மக்காச்சோளம் என்று கிடைத்த லோடை எல்லாம் ஏற்றியிருக்கிறேன். பட்டறைப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால், "என்னங்கண்ணா, கார் வாங்கிட்டீங்களா?" என்று கேலி செய்கிறார்கள்.

வாங்கவில்லை. ஆனால் சென்னை–திருச்சி சாலையில், ராத்திரி நேரத்தில், ரெண்டு லாரிகள் ஜோடி போட்டுக்கொண்டு போவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். ஒன்று மணிக்கு 58 கிலோமீட்டரில் இடது பக்கம் போகிறது. இன்னொன்று 62-ல் வந்து வலது டிராக்கில் ஏறுகிறது. இந்த 4 கிலோமீட்டர் வித்தியாசத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது 25 மீட்டர், இறங்கும்போது 25 மீட்டர் இடைவெளி. முந்துகிற வண்டி மற்றதைவிட 74 மீட்டர் கூடுதலாக ஓடினால்தான் வேலை முடியும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஒரு மீட்டரும் கொசுறும். ஆக, ஒரு நிமிஷத்துக்கு மேல் வலது டிராக் அடைப்பு. அதற்குள் ரெண்டு வண்டிகளும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். நடுவில் ஒரு சின்ன ஏற்றம் வந்தால் போச்சு. லோடு கூடின வண்டி 50-க்கு இறங்கும், முந்தப் போனவனும் முந்த முடியாமல், பின்வாங்கவும் மனசில்லாமல் பக்கத்திலேயே போவான். பின்னால் நூறில் வந்த கார், ஆம்னி பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் விளக்கை மினுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்.

இதற்கு ஸ்பீடு கவர்னர் மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். 2015 அக்டோபர் முதல் புது சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் கவர்னர் கட்டாயம் ஆயிற்று. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு 60. எங்கள் ஊர்ப் பக்கம் சமையல் எரிவாயு டேங்கர்கள் அதிகம். அவற்றை 60-ல் கட்டியது ரொம்ப நல்ல காரியம். ஆனால் கவர்னர் வேகத்தைத்தான் கட்டும், முந்துகிற ஆசையைக் கட்டாது. 78-ல் போகிற வண்டியை 80-ல் கட்டிய வண்டி முந்தப் போனால், மேலே சொன்ன அதே 74 மீட்டருக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் சாலை அடைபடும். டிரைவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் வண்டி கேட்காது.

ஜெர்மனியிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே அதற்கு யானைப் பந்தயம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆட்டோபானில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு உச்சவேகம் 80. முந்துகிற வண்டி முன்னால் போவதைவிடக் கணிசமான வேகத்தில் போனால்தான் முந்தலாம் என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. கணிசம் என்றால் எவ்வளவு என்று கேள்வி வந்தபோது, 2008-ல் ஹாம் நகர மேல்நீதிமன்றம் ஒரு கைக்கணக்கைச் சொன்னது: 10 கிலோமீட்டர் வித்தியாசம், 45 நொடிக்குள் முடிய வேண்டும். பிரிட்டனில் மூன்று தடமும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்வேயில், 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி வலதுகோடித் தடத்துக்குப் போகவே கூடாது. அங்கேயும் நம்மைப் போல இடதுபக்க ஓட்டம்தான். இந்த 45 நொடிக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கடிகாரம் வைத்துப் பார்க்கக்கூடியது, போலீசுக்கும் புரியும், டிரைவருக்கும் புரியும்.

ஆனால் அந்த நாடுகளின் விதியை மட்டும் இறக்குமதி செய்து இங்கே ஒட்டினால் ஒட்டாது. அங்கே மெதுவான தடம் என்பது நிஜமாகவே ஒரு தடம். இங்கே அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விக்கிரவாண்டியிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் ஒரு லாரியின் கேபினில் உட்கார்ந்து இடது டிராக்கை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். விழுப்புரம் பக்கம் கரும்பு டிராக்டர்: வண்டியின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் விளக்கு இருக்காது. அதைத் தாண்டினால் எதிரே டூவீலர். புல்லுக்கட்டோடு, பால் கேனோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, நம் மூஞ்சிக்கு நேராக வரும். அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர் ஊருக்குத் திரும்ப வேண்டிய திறப்பு சென்டர் மீடியனில் வெகுதூரம் தள்ளி இருக்கிறது, சர்வீஸ் ரோடு பாதியில் முடிந்துபோகிறது. பிறகு பஸ். நிறுத்தத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஆட்டோவும் பூக்கடையும் நிற்பதால் பஸ் டிராக்கிலேயே நின்று ஆள் ஏற்றுகிறது. அறுவடைக் காலம் என்றால் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ரோட்டில் காயும். காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் கல் வரிசை. சோளத்தை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். அப்புறம் வெடித்த டயரின் பட்டைகள், ஆடு, புரோட்டாக் கடை வாசலில் பாதி டிராக்கை மறித்து நிற்கிற எங்கள் ஆட்களின் லாரிகள்.

கடைசியில் சொன்னதற்கு விளக்கம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் குற்றம். லாரி நிறுத்துமிடம் என்று போர்டு வைத்த இடங்கள் நெடுஞ்சாலையில் இருக்கின்றன. பல இடங்களில் விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, கக்கூஸ் இல்லை. அங்கே கண் அசந்தால் காலையில் டேங்கில் டீசல் இருக்காது, தார்ப்பாய் கிழிந்திருக்கும். காணாமல் போன சரக்குக்கு டிரைவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அவர் வெளிச்சம் உள்ள கடை வாசலைத் தேடிப் போகிறார். போகட்டும், வண்டியைச் சாலையை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துகிறாரா என்றால், இல்லை. மண்ணில் இறக்கினால் லோடு வண்டி புதையும் என்று பயம். அந்தப் பயத்தின் விலையை ராத்திரி ரெண்டு மணிக்கு நூறில் வருகிற கார்க்காரர் கொடுக்கிறார். பின்னால் ஒட்டிய ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எஃப்.சி. அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். ரெண்டு மழைக்காலத்துச் சேறு ஏறினால் அதுவும் ரோட்டு நிறம்தான்.

வண்டியின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்கார்கிறார். வலது டிராக்கில் போனால் ஜன்னலுக்குக் கீழே மீடியன் தெரியும். அந்தப் பக்கம் யாரும் வரப்போவதில்லை என்ற நிம்மதி. இடது டிராக்கில் போனால் வண்டியின் இடது முன்மூலை அவருக்குத் தெரியாது. அந்த மூலையில்தான் டூவீலரும் நடந்து போகிறவரும் இருப்பார்கள். முன்பெல்லாம் இடது பக்கம் கிளீனர் உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டிச் சைகை சொல்வார், கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவனுக்கு வழிகாட்டுவார். இன்றைக்குக் கிளீனர் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படி ஆகாது. பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் ஒற்றை ஆள். இடது கண் போய்விட்டது.

அப்புறம் டீசல். லோடு ஏற்றிய பன்னிரண்டு சக்கர வண்டி 30 டன்னைத் தாண்டும். ஒரு டூவீலருக்காக 60-லிருந்து 20-க்கு இறக்கி, திரும்ப ஒவ்வொரு கியராக ஏற்றி 60-க்குக் கொண்டுவருவது எவ்வளவு டீசல் குடிக்கும் என்பது ஓட்டியவனுக்குத்தான் தெரியும். எங்களைப் போன்ற ஓனர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தாய் என்று பார்த்துத்தான் டிரைவருக்குப் படிக்கு மேல் ஏதாவது தருகிறோம். பிரேக் மிதிக்காமல் போகிற டிராக் எதுவோ அதில்தான் அவர் போவார். இந்தக் கணக்கை எழுதியது டிரைவர் இல்லை, நாங்கள்.

என் பெரிய வண்டி டிரைவரிடம் ஒருமுறை இதைப் பேசினேன். "லெப்ட்ல போனா பஞ்சர் கடை கல்லுலருந்து ஊர்க்காரன் எருமை வரைக்கும் எல்லாம் நம்ம தலைலதாங்கண்ணா. ரைட்ல போனா ஹாரன் அடிச்சுத் திட்டறானுங்க, அவ்வளவுதானுங்க. திட்டு வாங்கிக்கலாம், கேஸ் வாங்க முடியாதுங்க" என்றார். டூவீலர் ஆள் செத்தால் பெரிய வண்டிக்காரன்தான் குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டிவிடும், அடியும் விழும். அந்தப் பயத்தை யாரும் சட்டப் புத்தகத்தில் எழுதவில்லை. டிராக்கைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று கார் ஓட்டுகிறவர்களுக்குக் கீழிருந்து தெரியாது. வலது டிராக்கில் போகிற லாரிக்குப் பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடிக்கிறது. டிரைவர் இடது கண்ணாடியைப் பார்க்கிறார், இண்டிகேட்டர் போடுகிறார். அதற்குள் மூன்றாவதாக வந்த கார் பொறுமை இழந்து இடது பக்கம் புகுந்துவிட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு ஆம்னி பஸ். லாரி ஒதுங்க நினைத்தாலும் ஒதுங்க இடம் இல்லை. கடைசியில் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வலது பக்கமே போகிறார். இடதுபக்கம் முந்துகிற ஒவ்வொருவரும் லாரியை வலதுபக்கத்திலேயே பூட்டி வைக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு டிராக்டர் இல்லை, எருமை இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. இடது டிராக் கண்ணுக்கெட்டின தூரம் காலியாகக் கிடக்கும். அப்போதும் பாதி லாரிகள் வலது பக்கம்தான் போகின்றன. அதற்கு டீசலும் காரணம் இல்லை, கேஸும் காரணம் இல்லை. வெறும் பழக்கம். அகலம் குறைந்த பழைய ரோட்டில் தார் விளிம்பை விட்டு டயர் இறங்கினால் வண்டி சாயும் என்று நடுரோட்டைப் பிடித்து ஓட்டிய தலைமுறை, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம். சாலை நாலுவழி ஆகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

வேகத்துக்கு வருவோம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு நெடுஞ்சாலை வேகத்தை உயர்த்தியது. மீடியன் உள்ள நாலுவழிச் சாலையில் காருக்கு 100, பஸ்சுக்கு 90, சரக்கு வண்டிக்கு 80. எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், இந்த உயர்வை ரத்து செய்து பழைய அளவுக்குத் திரும்பச் சொன்னது. அறிவிக்கை வந்தபோதும் சரி, தீர்ப்பு வந்தபோதும் சரி, ரோட்டில் ஓடுகிறவன் கால் ஒரு அங்குலம் நகரவில்லை. கேமரா இருக்கிற இடத்தில் 110-லிருந்து 80-க்குத் திடீரென்று இறங்குவார்கள், தாண்டியதும் பழையபடி.

லாரிக்கு 80 என்பது காகிதத்தில் இருக்கிற எண். லோடு ஏற்றிய வண்டி நிஜமாக ஓடுவது 50-லிருந்து 60 வரைக்கும். நூறில் வரும் காருக்கும் ஐம்பதில் போகும் லாரிக்கும் நடுவே மணிக்கு 50 கிலோமீட்டர் வித்தியாசம்: நொடிக்கு 14 மீட்டர் நெருங்குகிறது. ராத்திரி எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசி, சேறு பூசிய பின்பக்கத்தை 100 மீட்டரில் கண்டுபிடித்தால், முடிவெடுக்க ஏழு நொடி. அந்த லாரி நின்றுகொண்டிருந்தால் மூன்றரை நொடிதான். 2022-ம் வருஷத்து மத்திய அரசின் விபத்து அறிக்கையில், விபத்து வகைகளில் முதலிடம் பின்னாலிருந்து மோதுவதற்குத்தான். ஐந்தில் ஒன்றுக்கு மேல். அதே அறிக்கையில் விபத்து எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு, 64,105. சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம், 17,884 பேர். ஆகவே காருக்கு நூறா நூற்றிருபதா என்று விவாதிப்பதைவிட, ஐம்பதும் நூறும் ஒரே டிராக்கில் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

தொப்பூர் கணவாயில் இது அப்பட்டமாகத் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி நீண்ட இறக்கம். ஒழுங்கான டிரைவர் மேலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, இடது ஓரமாக ஊர்ந்து இறங்குவார். டீசல் மிச்சம் பிடிக்கிற டிரைவர் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்குவார். டிரம் சூடேறிப் பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். அந்த வண்டி எந்த டிராக்கில் வருகிறதோ அந்த டிராக்கில் முன்னால் இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். அங்கே பெரிய வண்டிகள் அத்தனையும் இடது டிராக்கில், குறைந்த கியரில், ஒருவரை ஒருவர் முந்தாமல் இறங்க வேண்டும். இதில் வாதத்துக்கே இடமில்லை. எந்தச் சங்கமாவது வாதம் செய்தால் அது டிரைவருக்காகப் பேசுகிற சங்கம் இல்லை.

அபராதம் என்ன? தட ஒழுங்கை மீறினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஏ பிரிவுப்படி 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரைக்கும். கனரக வண்டி அதிவேகத்துக்கு 2,000 முதல் 4,000. தொகை குறைவு என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் குறைவாகப் படவில்லை. அது யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி. வசூலிக்கிற முறையும் ஒன்று இருக்கிறது. லாரிகளை மறித்து ஆவணம் பார்ப்பதற்கு எங்கே நிறுத்துகிறார்கள்? இடது டிராக்கில். வரிசையாக நாலு லாரிகள் நிற்கும், பின்னால் வருகிற ஐந்தாவது லாரி வேறு வழியில்லாமல் வலது பக்கம் ஏறும். அடுத்த சோதனையில் அதற்கு அபராதம் போட்டாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் இடது டிராக். சர்வீஸ் ரோடு ஊருக்கு ஊர் அறுந்துபோகாமல் தொடர வேண்டும். எதிர்த்திசையில் வருகிற டூவீலரை நிறுத்த வேண்டுமானால் அவர் திரும்புவதற்கு நியாயமான தூரத்தில் கீழ்ப்பாலம் வேண்டும். பெங்களூரு–மைசூரு சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து டூவீலர், ஆட்டோ, டிராக்டரைப் பிரதானப் பாதையில் தடை செய்தார்கள். பக்கத்துச் சாலை இருந்ததால் அப்படிச் செய்ய முடிந்தது. அது இல்லாத இடத்தில் தடை போட்டால் விவசாயி எங்கே போவார்? லாரி நிறுத்துமிடத்தில் விளக்கும் கக்கூசும் ஒரு காவலாளியும் போடுங்கள். டோல்கேட்டில் வாங்குகிற காசுக்கு இது அதிகப்படியான கோரிக்கை இல்லை. அதற்குப் பிறகு கடை வாசலில் ரோட்டை மறித்து நிற்கிற லாரியைக் கிரேன் வைத்து இழுத்துப் போங்கள், என் வண்டியாக இருந்தாலும்.

பழைய சாலைகளில் இதெல்லாம் நடக்க நாளாகும், தெரியும். ஆனால் ஒரு சாலையில் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே, சுமார் 260 கிலோமீட்டர், பக்கத்துக்கு ரெண்டு டிராக். டூவீலர் கிடையாது, வேலி உண்டு, எருமை ஏறாது. நான் மேலே அடுக்கிய சாக்குகளில் ஒன்றுகூட அங்கே செல்லாது. கார் 120, லாரி 80 என்று வைத்து, ரெண்டே டிராக்கில் லாரிகளை முந்த விட்டால், திருச்சி சாலையில் பார்த்த ஜோடி ஓட்டத்தை இன்னும் கூடின வேகத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே 45 நொடிக் கணக்கைக் கொண்டுவாருங்கள். ஏற்றத்தில் லாரி முந்தவே கூடாது என்று போர்டு வையுங்கள். கேமராவில் நேரம் பதிவாகட்டும். நோட்டீசை டிரைவர் பெயருக்கு அனுப்பாதீர்கள். அதை அவர் படியிலிருந்து கழித்துக்கொண்டு, மறுநாள் மைலேஜ் ஏன் குறைந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள எனக்கு அனுப்புங்கள்.